மூடிய அறைக்குள் இருந்து வந்த மீன் புகார்

விற்கிறவருக்கு ஒன்றும் தெரியாவிட்டால் பரவாயில்லை, வேறு கடைக்குப் போகலாம். வாங்கப் போனவனுக்கும் ஒன்றும் தெரியாமல், எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டினால்தான் வினை. நான் மிக நன்றாகத் தலையாட்டுவேன்.

மாமா (மனைவியின் அப்பா) இறந்து ஏழு நாள் ஆகியிருந்தது. எட்டாம் நாள், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, அவர் படுத்த அறையில் இலைபோட்டுப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே காத்திருப்போம். அவர் வந்து சாப்பிட்டுப் போவார் என்பது நம்பிக்கை. மாமா விரும்பிக் கேட்கும் தேவாரம் அந்த நேரம் உள்ளே மெல்லக் கேட்கவேண்டும் என்று மாமி ஆசைப்பட்டார். ஸ்பீக்கர் வாங்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

உண்மையில் என் மனதில் கிடந்தது வேறு. என் மனைவி சாந்தினி இன்னும் அழவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை போட்டாள், தேத்தண்ணீர் கொடுத்தாள், முற்றம் கூட்டினாள். கண்ணில் ஒரு சொட்டுக் கிடையாது. சொந்தக்காரர்கள் குசுகுசுக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கோ அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

செங்கலடிச் சந்தியில் ஒரு கடை. என் போனில் சார்ஜ் இல்லாததால் சாந்தினியின் போனைக் கொண்டு போயிருந்தேன். விற்பனையாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், சட்டையில் பேனா குத்தியிருந்தார். (பேனாவைப் பார்த்து நம்பிவிட்டேன்.)

"எத்தின வாட் அண்ணன்?"

பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எல்லா வாட்டும் இருக்கு."

"தண்ணி பட்டா?"

"படாம வச்சிருந்தா ஒண்டும் செய்யாது."

சாந்தினியின் போனை வாங்கி விரலால் எதையோ அமத்தினார். ஸ்பீக்கரில் நீல வெளிச்சம் எரிந்து, பாட்டு வந்தது. என்னைவிட அவருக்குத்தான் ஆச்சரியம்.

"வேற போனுக்கு மாத்துறது எப்பிடி?"

"மாத்தத் தேவல்ல தம்பி. இது ஒருக்கா ஆளப் பழகினா மறக்காது. கூப்பிடாமலே வந்து சேரும்."

செத்தவீட்டுக்குச் சாமான் வாங்குகிறவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது! நான் தலையாட்டினேன்.

மறுநாள் மத்தியானம் படையல். விடியவே போய் நானே வாங்கிவந்த கொடுவா மீன் கறியாகி இலையில் இருந்தது. ஸ்பீக்கரை இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். நீல வெளிச்சம் எரிந்தது. வேலை முடிந்தது என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, தேவாரத்தைப் போட என் போனை அமத்தினேன். தேவாரம் என் சட்டைப் பைக்குள் இருந்து கிளம்பியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பயந்து நிறுத்திவிட்டேன்.

 வாவிப் பக்கமிருந்து வந்த காற்றும் நின்றுபோனது. கதவுக்குக் கீழ் இடுக்கால் சாம்பிராணிப் புகையும் நீல வெளிச்சமும் கசிந்தன.

உள்ளே யாரோ இருமினார்கள்.

மாமாவின் இருமல் அது. பிறகு மாமாவின் குரல், தெளிவாக: "மகள்... சோறு அனுப்பு. ஆனா மருமகன் வாங்கின மீன மட்டும் அனுப்பாத. அந்தப் பொடியனுக்கு மீன் பாத்து வாங்கத் தெரியா."

மாமாவின் தம்பி சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்.  கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே இருமல், அதே குரல், அதே மீன்.

மாமி கதவை நெருங்கி, உயிரோடு இருக்கிறவரோடு பேசுவதுபோலச் சொன்னார்: "இண்டைக்கு மட்டும் சாப்பிடுங்க. பாவம், விடியவே போய் வாங்கிவந்தவர்."

மூன்றாவது தடவையும் இருமல் கேட்டது. நான் கதவுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். "மாமா, சத்தியமா இனி மீன் வாங்கமாட்டன்!" (பட்டதாரி நான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.)

அப்போதுதான் கிணற்றடியிலிருந்து சாந்தினி ஓடிவந்தாள். கையில் போன்.

"அம்மா, அப்பாட குரல் போயிட்டு. முந்தி எனக்குப் போன்ல பேசி அனுப்பினத ஒவ்வொரு நாளும் கிணத்தடியில இருந்து கேக்கிறனான். இண்டைக்கு எத்தின தரம் அமத்தியும் சத்தம் வருகுதில்ல. அதுவும் போயிட்டும்மா..."

சொல்லிக்கொண்டே நிலத்தில் குந்தி, தேம்பித் தேம்பி அழுதாள். விரல் மறுபடியும் போனை அமத்தியது. அறைக்குள் மாமா இருமினார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் போனோடு கடையில் பழகிய ஸ்பீக்கர், கூப்பிடாமலே புளூடூத்தில் அதோடு சேர்ந்து, அவள் கேட்கவேண்டிய குரலை எங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. மாமி நேரம் பார்க்காமல் கதவைத் திறந்து, மகளை உள்ளே கூட்டிப்போய் இலைக்கு முன்னால் இருத்தினார். "போடு மகள். நல்லாக் கேள். நல்லா அழு." அவள் போட்டாள், அழுதாள். மீன் என்ற இடம் வந்ததும் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். நானும் அழுதேன், பாதி வெட்கத்தில்.

நான்கு வருடமாகிறது. சத்தியம் சத்தியம்தான்; நான் மறந்தாலும் ஊர் மறக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் வரும் மீன்காரர் நான் கைகாட்டினால் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதில்லை. ஒருநாள் வழிமறித்துக் கேட்டேன்.

"சாந்தினிய வரச் சொல்லுங்க தம்பி," என்றார். "உங்களுக்கு வித்தா, உங்கட மாமா மறுகா என்னோட கதைக்க வருவார்."