வால்மோர் தோட்டத்தின் நாற்பது வீடுகள்

"ஓர் ஊர் எதை வச்சு உயிரோட இருக்கு?"

வேலைக்கான நேர்முகத் தேர்வில் சந்திரசேகரன் கேட்ட ஒரே கேள்வி அதுதான். காமினி யோசிக்கவே இல்லை. "சோத்த வச்சுத்தான் சார்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கிட்டத்தட்ட சரி. அந்தச் சோறு எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேலை" என்று சொல்லி வேலையைக் கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்து அதே மேசைக்கு முன்னால் நாற்பது கணக்கெடுப்புப் பாரங்களோடு நின்றுகொண்டிருந்தாள் காமினி. நிபோங் திபாலுக்கு அப்பால் இருக்கும் வால்மோர் தோட்டத்தின் நாற்பது வீடுகள். நாற்பதிலும் 'தொழில்' என்ற இடத்தில் 'இல்லை'. 'வருமானம்' என்ற இடத்தில் 'இல்லை'. ஒரு பாரத்தில் மட்டும், வீட்டுக்காரர் மிகவும் வற்புறுத்தியதால், 'இல்லவே இல்லை'.

"காமினி, இவங்க எல்லாம் என்ன சாப்பிடுறாங்க?"

"எனக்குக் கோழிக்கறி போட்டாங்க சார்."

"ஒண்ணும் இல்லாதவங்களா?"

"மூணு வீட்டுல போட்டாங்க."

சந்திரசேகரன் நாற்காலியோடு பின்னுக்குச் சாய்ந்தார். ஜார்ஜ் டவுனில், பழைய கடைவீட்டு மாடியில் இருந்தது அவருடைய அலுவலகம். அந்த வட்டாரத்து நிலங்கள் இன்னும் இருபத்தைந்து வருடத்துக்கு எதற்குப் பயன்பட வேண்டும் என்று வரைபடம் தயாரிக்கும் வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது. சுவர் அகலத்துக்கு ஒரு படம் மாட்டியிருந்தது. அதில் வால்மோர் தோட்டம் மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தது.

"இங்க பாரு. குடியிருக்கிற குடும்பத்துல மூணுல ஒரு பங்கு அந்த ஊர்லயே சம்பாதிச்சா, பச்சை அடிப்போம். பழைய லயத்து வீட்டை எல்லாம் இடிச்சிட்டு, அதே இடத்துல குடியிருக்கிறவங்களுக்குப் புது வீடு. இல்லேன்னா சாம்பல். சாம்பல்னா கிடங்கு. சாமானுக்குத்தான் இடம், மனுஷனுக்கு இல்ல. அடுத்த வெள்ளிக்கிழமை வர்ணம் அடிச்சாகணும்."

காமினி படத்திலிருந்த அந்த வெள்ளையைப் பார்த்தாள். கோழிக்கறி போட்ட கைகள் கண்முன் வந்தன. 'எங்க ஊருக்கு ஒண்ணும் ஆவாதுல்லம்மா?' என்று சோறு போட்ட நல்லம்மாள் கேட்டதற்கு, 'ஒண்ணும் ஆவாது அத்தை' என்று அவள்தான் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே வாக்குக் கொடுத்திருந்தாள்.

வெளியே வந்து, ஊர்த் தலைவர் ஜெயராஜுக்குப் போன் போட்டாள். அவர் முதல் நாளே சொல்லியிருந்தார்: "திடீர்னு வந்து நிக்காதம்மா. ஒரு போன் அடி. எல்லாரையும் வீட்டுல இருக்கச் சொல்லி வைக்கிறேன்." காமினிக்கு அது வசதியாகத்தான் இருந்தது. வேறு ஊர்களில் பூட்டிய கதவுகளைத் தட்டித் தட்டி விரல் வீங்கியவள் அவள்.

"அண்ணே, யாருக்கும் வேலை இல்லேன்னு எழுதினா ஊரே இல்லேன்னு ஆயிரும்!"

"அலாமா!" என்று அலறினார் ஜெயராஜ். "நீ பந்துவான் ஆபீஸ்லேருந்து வந்திருக்கேன்னு நெனச்சிட்டோம்லா! வருமானம்னு கேட்டாலே உதவித் தொகைக்குத்தானே கேப்பாங்க? இருக்குன்னு சொன்னா வெட்டிருவாங்க. அதான் சனங்ககிட்ட, எதுவும் இல்லேன்னு சொல்லுங்கன்னு நான்தான் சொன்னேன்."

"இருக்கிறதச் சொல்லுங்கண்ணே. ஊருக்குள்ளேயே செய்ற தொழில் ஏதாவது இருந்தா நல்லது."

"ஊருக்குள்ளேயே செய்றதா? ஞாயித்துக்கெழம வா. அப்புறம் பாரு."

ஞாயிற்றுக்கிழமை காமினி பினாங்குப் பாலத்தைக் கடந்து மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினாள். தோட்டத்து நுழைவாயிலில், பெரிய குடையின் கீழ் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பிசாங் கோரெங் பொரித்துக்கொண்டிருந்த வடிவம்மாள் அவளைப் பார்த்துச் சிரித்தாள். சாலையில் போகும் லாரிக்காரர்கள்தான் அவளுக்கு வாடிக்கை. போன தடவையைப் போலவே இந்தத் தடவையும் நாலு துண்டைக் காகிதத்தில் சுற்றி நீட்டினாள்.

"என்கிட்ட ஒண்ணும் கேக்க வேணாமா தங்கச்சி?"

"உங்க பேரு தோட்டத்து லிஸ்ட்ல இல்லியேக்கா."

"நான் பாகான் செராய்லேருந்து வந்தவதானே. எப்படி இருக்கும்?" என்று வடிவம்மாள் சட்டியைக் கிளறினாள்.

உள்ளே போன காமினிக்குக் கண்கள் அகன்றன. வாசலுக்கு வாசல் அட்டைப் பலகை. 'முறுக்கு கிடைக்கும்.' 'சுத்தமான முறுக்கு கிடைக்கும்.' 'ஒரிஜினல் முறுக்கு கிடைக்கும்.' ஒரு பலகையில் சாயம் இன்னும் காயவில்லை. தொட்ட விரலில் ஒட்டிக்கொண்டது.

"ஒரு நாளைக்கு எத்தனை கிலோ சுடுவீங்க அத்தை?"

"எத்தனை வேணும்?" என்றாள் நல்லம்மாள்.

"எனக்கு வேணாம். பாரத்துக்கு."

"பாரத்துக்கா? அப்ப நாப்பது போட்டுக்கோ."

சுவருக்கு அந்தப் பக்கம் இதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, தன் முறை வந்ததும் அறுபது என்றாள். நாம் மட்டும் இளைத்தவர்களா என்று எதிர்வீட்டில் எழுபது. முறுக்கு சுடாதவர்கள் ஆடு வளர்த்தார்கள். முதல் வீட்டில் ஆறு ஆடு. நாலாவது வீட்டிலும் ஆறு. ஒன்பதாவது வீட்டிலும் ஆறு நின்றன. அதில் காது கிழிந்த ஆடு ஒன்று காமினியைப் பார்த்ததும் தெரிந்தவளைப் போல் பக்கத்தில் வந்து அவள் பாரத்தை முகர்ந்தது.

"இந்த ஆட்ட நான் ஏற்கெனவே பார்த்த மாதிரி இருக்கே?"

"ஒரே தாய் வயித்துப் புள்ளைங்கம்மா. அப்படித்தான் இருக்கும்" என்றார் ஜெயராஜ். அவருக்கு மூச்சு வாங்கியது. ஆடுகளைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு ஓடி வந்த மூச்சு.

காமினிக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் ஊர் பிழைக்க வேண்டுமே என்ற ஆசையில் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை சந்திரசேகரன் கூட்டிப் பார்த்தார். மறுபடியும் கூட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

"காமினி, ரெண்டு டன்."

"எது சார்?"

"முறுக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு டன். பினாங்குல பல்லு இருக்கிறவன் எல்லாம் வேலையை விட்டுட்டு உக்காந்து கடிச்சாலும் தீராது."

"ஊருக்குள்ளேயே செய்ற தொழில்தானே சார்? பச்சைதானே?"

"ரெண்டு டன் எண்ணெய்ப் பலகாரம் போடுற இடத்துல குடும்பம் இருக்கலாமா? புகை, கழிவு, லாரி... இது தொழிற்பேட்டை. ஊதா அடிக்கணும். வீட்டை எல்லாம் எடுத்திரணும்."

காமினி சுவர்ப் படத்திலிருந்த ஊதாக் கட்டங்களைப் பார்த்தாள். சும்மா இருந்த ஊரைச் சாம்பலிலிருந்து காப்பாற்றப் போய் ஊதாவில் தள்ளிவிட்டாள்.

அவள் முகத்தைப் பார்த்துச் சந்திரசேகரனுக்கே இரக்கம் வந்தது. "சரி, இந்தப் பாரத்தை எல்லாம் தூக்கிப் போடு. வாய் சொல்றத நம்பாதே, காலை எண்ணு. விடியறப்போ ஊர் வாசல்ல நில்லு. யார் வெளியே வேலைக்குப் போறாங்க, யார் உள்ளேயே இருந்து பொழைக்கிறாங்கன்னு எண்ணிட்டு வா. முக்கியமா, யாருக்கும் போன் அடிக்காதே."

வியாழக்கிழமை கெலுகோரிலிருந்து இருட்டோடு கிளம்பி, ஆறு மணிக்குத் தோட்டத்து வாசலில் நின்றாள் காமினி. கையில் எண்ணும் கருவி, பையில் ஒரு புதுப் பாரம். ஒரு ஆளுக்கு ஒரு அழுத்து. வடிவம்மாளின் குடை மடங்கிக் கிடந்தது. அவள் மத்தியானம்தான் கடை திறப்பாள்.

ஆறரை. ஒருவரும் வெளியே போகவில்லை. காமினிக்குச் சந்தோஷமாக இருந்தது. பரவாயில்லை, நிறையப் பேர் ஊருக்குள்ளேயேதான் இருக்கிறார்கள்.

ஏழு. ஒரு நாய் வெளியே வந்தது. அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பி உள்ளே போனது.

ஏழே காலுக்கு அவளுக்கு வேறு ஒன்று உறைத்தது. நாற்பது வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஒரு கோழி கூவவில்லை. ஒரு குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று அழவில்லை.

மெதுவாக உள்ளே நடந்தாள். முதல் வீட்டில் பூட்டு. இரண்டாவதிலும் பூட்டு. 'ஒரிஜினல் முறுக்கு' வீட்டுப் பூட்டு துருப்பிடித்திருந்தது. நல்லம்மாள் வீட்டு நிலைக்கும் கதவுக்கும் நடுவே சிலந்தி ஒன்று வலை பின்னி, நடுவில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. காமினி ஓரடி பின்னால் வந்தாள். கருவியைப் பார்த்தாள். பூஜ்யம்.

எட்டாம் நம்பர், ஜெயராஜ் வீடு. அதிலும் பூட்டு. சார் சொன்னதை மறந்து, ஜெயராஜுக்குப் போன் அடித்தாள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதாம்மா. காலங்காத்தால வேற எங்க போவேன்?" பின்னால் டிங் என்று லிஃப்ட் மணி கேட்டது.

"நான் உங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறேன்."

போனில் லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது.

"எந்த வாசல்?"

"எட்டாம் நம்பர். பூட்டியிருக்கு."

"ஆங்... முன்னால பூட்டித்தான் வைப்போம். திருட்டு பயம்லா. நான் பின்னால குளிச்சிக்கிட்டிருக்கேன்."

காமினி 'பொய் சொல்றீங்க' என்று வாயெடுத்தாள். அதற்குள் வீட்டுக்குப் பின்புறமிருந்து சளார் சளார் என்று வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சரிண்ணே, குளிச்சிட்டு வாங்க. நிக்கிறேன்."

"முக்கால் மணி நேரம் ஆவும்மா."

"குளிக்கிறதுக்கா?"

"எண்ணெய் தேச்சிருக்கேன்."

காமினி படியில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. ஜெயராஜ் வரவில்லை. தலை துவட்டுகிறார் என்று நினைத்தாள். அரைமணி நேரமாகத் துவட்டுகிறாரே என்றும் நினைத்தாள்.

சொன்னபடி முக்கால் மணி நேரத்தில், பெரிய சாலையிலிருந்து ஒரு மோட்டார் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஜெயராஜ்! தோளில் துண்டு. ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளிருந்து அரை கிளாஸ் தண்ணீர் சட்டையில் கொட்டியது. வழியில் பெட்ரோல் நிலையத்துக் குழாயில் தலையை நனைத்திருக்கிறார்.

"குளிச்சிட்டேன்" என்றார்.

காமினி சாலையைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள். "பின்னால குளிச்சீங்க. முன்னால மோட்டார்ல வர்றீங்க."

"பின்பக்கமா சுத்தி வந்தேன்."

"நிபோங் திபால் வழியாவா?"

ஜெயராஜ் மோட்டாரை அணைத்தார். பிறகு பொத்தென்று அவளுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்.

"ஆறு வருஷம் ஆச்சும்மா. தோட்டத்துல ஆள் வேலை நின்னுச்சு. எல்லாரும் மாக் மண்டின் பக்கம் பேக்டரி வேலைக்குப் போயி, அங்கேயே பிளாட்டுல தங்கிட்டோம். நீ போன் அடிக்கிறப்போ மட்டும் வருவோம். குடியிருக்கிறவங்களுக்குப் புது வீடுன்னு சேதி வந்துச்சே, எந்த ஆபீஸ்லேருந்து வந்தாலும் இங்கதான் இருக்கோம்னு காட்டணும்ல, அத விட்டுற முடியுமா? வாடகை வீட்டுலயே கட்டை வேகணுமா?"

"நாப்பது குடும்பமுமா?"

"ஒண்ணு சிரம்பானுக்கே போயிருச்சு. அந்த வீட்டுல என் மச்சானை உக்கார வச்சேன். 'இல்லவே இல்லை'ன்னு சொன்னானே, அவன்தான்."

காமினிக்கு அழுகை வந்தது, அதிலேயே சிரிப்பும் வந்தது. "நாளைக்கு வர்ணம் அடிக்கணும்ணே. ஒரு குடும்பமும் இல்லாத ஊருக்குச் சாம்பல்தான்."

"ஒரே ஒரு குடும்பம் இருந்தா?"

"இங்கேயே குடியிருந்து இங்கேயே சம்பாதிச்சா, ஒண்ணுக்கு ஒண்ணு. நூத்துக்கு நூறு. பச்சைதான். புது வீடும் அவங்களுக்குத்தான். ஆனா யார் இருக்கா?"

ஜெயராஜ் துள்ளி எழுந்தார். "நான் இருக்கேன்னு எழுதிக்கோம்மா! நீயே சாட்சி! என் வீட்டுல தண்ணிச் சத்தம் கேட்டியா இல்லியா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் என்ன?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயராஜின் தலையிலிருந்து வழிந்தது பெட்ரோல் நிலையத்துத் தண்ணீரா, வியர்வையா என்று தெரியவில்லை.

"அண்ணே," என்றாள் காமினி மெல்லிய குரலில், "அப்ப குளிச்சது யாரு?"

வீட்டின் பக்கவாட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஜெயராஜ் ஹெல்மெட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் வாழைத்தார் ஒன்றை இடுக்கியபடி, வடிவம்மாள் வந்து நின்றாள். அவரைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தாள்.

"வாங்கண்ணே! நாலு வருஷமா உங்க வீட்டுப் பின்கட்டுலதான் குடியிருக்கேன். உங்ககிட்ட சொல்லணும்னு நெனப்பேன், நீங்கதான் எப்ப வந்தாலும் ஆட்டை ஓட்டிக்கிட்டு ஓடுறீங்க. தங்கச்சி, நீங்க பேசுனதெல்லாம் கேட்டுச்சு, உன் பாரத்துல என் பேரை எழுதிக்கோ. அப்படியே பின்னால கொழா ஒழுகுது, என் புது வீட்டுலயாவது நல்ல கொழாயா போடச் சொல்லு."

காமினி பேனாவைத் திறந்தாள்.

ஜெயராஜ் படியை விட்டு இறங்கினார். சொட்டிக்கொண்டிருந்த தலையில் ஹெல்மெட்டை மாட்டினார். மோட்டாரைத் திருப்பினார். வந்த வழியே போய்விட்டார்.