ஓடையின் குறுக்கே தியான மேடை

மனு கொடுக்க வருகிறவர்கள் மனக்கொதிப்போடு வருகிறார்கள் என்பதைப் போடியில் ஓர் அலுவலகம் கண்டுபிடித்தது. கொதிப்புக்குக் காரணம் தேடுவது அதன் அதிகார வரம்புக்குள் வராது. ஆகவே கொதிப்பைத் தணிப்பதென்று முடிவாயிற்று. தினம் பத்து நிமிடம், இருபது நாள் மனக்கவனப் பயிற்சி செய்தவர்களின் மனுக்கள் மட்டுமே பரிசீலிக்கப்படும் என்று சுவரில் ஒட்டினார்கள்.

தை மாதம் சுப்புத்தாய் வந்தார். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர். அவர் குடியிருப்புக்கும் ஜீப்பு நிற்கிற இடத்துக்கும் நடுவில் ஓர் ஓடை. அதன்மேல் கிடந்த மரப்பாலம் ஐப்பசி மழையில் போய்விட்டது. மருமகள் ரோஜாவுக்கு ஆறு மாதம்.

அமைதிப் பொறுப்பு அலுவலர் விஜயகுமார் பாயை விரித்தார்.

"கண்ணை மூடி மூச்சைக் கவனிங்கம்மா."

"மூச்சு நல்லாத்தான் இருக்கு சார். பாலந்தான் இல்ல."

"போனதையும் நினைக்கக் கூடாது, வரப்போறதையும் நினைக்கக் கூடாது. இந்த நிமிசத்துல மட்டும் இருங்க."

"இந்த நிமிசமும் பாலம் இல்லையே சார்."

"அதை நல்லது கெட்டதுன்னு சொல்லாம, சும்மா பாருங்க."

சுப்புத்தாய் சும்மா பார்த்தார். அப்போதும் பாலம் இல்லை.

இருபத்தோராம் நாள் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சரியாக இருந்தது. விஜயகுமார் எழுந்து நின்று வாழ்த்தினார்.

"உங்களுக்குப் பதற்றமே இல்லம்மா. பதற்றம் இல்லைன்னா குறையும் இல்ல. மனுவை முடிச்சுட்டேன்."

"பதற்றத்தோட வந்திருந்தா?"

"வாங்கியே இருக்க மாட்டோம்."

"அப்ப பாலம்?"

"பாலத்துக்கு நிதி இல்ல. அமைதிக்குத்தான் இருக்கு. அதையும் மார்ச்சுக்குள்ள செலவழிக்கலைன்னா எனக்கு மெமோ வரும்." இதைச் சொல்லும்போது அவர் கை நடுங்கியது.

சுப்புத்தாய் கொஞ்சம் யோசித்தார்.

"அப்படின்னா எங்க பக்கம் தியானத்துக்கு ஒரு மேடை போடுங்க சார். ஓடைமேல. இந்தக் கரையில தொடங்கி அந்தக் கரையில முடியட்டும். ரெண்டு பக்கமும் கைப்பிடி வைங்க. கண்ணை மூடுனவுக தண்ணிக்குள்ள விழுந்துறக் கூடாதுல்ல?"

ஒரே வாரத்தில் உத்தரவு வந்தது. மார்ச்சு முடிவதற்குள் இரும்புத் தூண், சிமெண்டுத் தளம், கைப்பிடியோடு மேடை நின்றது. 'நடப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. அமர்க' என்றொரு பலகையும் நின்றது. குடியிருப்புக்காரர்கள் பலகைக்கு வணக்கம் வைத்துவிட்டு நடந்தார்கள்.

சித்திரையில் செய்தி போடிக்கு எட்டியது. விலை இறங்கித் தூக்கம் தொலைத்த ஏலக்காய் வியாபாரிகள், ஓய்வுபெற்றவர்கள், வீட்டில் பேச ஆளில்லாத என்னைப் போன்றவர்கள் என்று பத்தொன்பது பேர் ஒரு ஞாயிறு காலை இரண்டு ஜீப்பில் போய் மேடை நிறைய உட்கார்ந்தோம். பத்து நிமிடம் கண் திறக்காதவர்களுக்குச் சான்றிதழ் என்று விஜயகுமார் அறிவித்தார். முந்திய நாள் கோடை மழை. கீழே ஓடை சத்தமாகப் போயிற்று.

மூன்றாம் நிமிடம், ரோஜாவின் புருசன் ஒச்சப்பன் குரல் கேட்டது.

"அப்பு, எந்திரிங்க! அண்ணே, வெரசா வழி விடுங்க! இவளுக்கு வலி எடுத்துருச்சு!"

காதில் விழும் சத்தத்தை வந்த வழியே போகவிட வேண்டும் என்று அப்போதுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். போகவிட்டோம்.

கம்பளியில் டோலி கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, எங்கள் பக்கத்திலேயே ரோஜாவைத் தூக்கிப்போனார்கள். "மேடை கேட்டது நாந்தேன், மேடை கேட்டது நாந்தேன்" என்று சுப்புத்தாய் தண்ணீருக்குள் சொல்லிக்கொண்டே போனார். அக்கரை ஏறி ஜீப்பில் படுக்க வைத்ததும், வண்டி கிளம்புமுன்னே குழந்தை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. நல்ல தொண்டை.

அப்போது எட்டாம் நிமிடம். எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டோம். ஒருவருக்கும் சான்றிதழ் இல்லை.

போடி திரும்பி, மறுநாளே தியான மேடைக்கு அருகில் பிரசவத்தைத் தடைசெய்யக் கோரி மனு எழுதினோம். பத்தொன்பது பேரும் கையெழுத்துப் போட்டோம். பயிற்சி வீண்போகவில்லை. ஒருவருக்கும் கை நடுங்கவில்லை.