தொண்ணூறு மேடம் திறக்கச் சொன்ன இருபது பெட்டி

உலகத்தில் உள்ள பொருள்களையெல்லாம் படைத்தது கடவுள் என்றால், அவற்றுக்கு நம்பர் போட்டது எங்கள் ஆபீஸ் தொண்ணூறு மேடம்தான். சந்தேகம் இருந்தால் திருச்சி ஏர்போர்ட் பக்கம் எந்த வேன் டிரைவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எங்களுடையது, வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குகளுக்குச் சுங்கத்தில் பேப்பர் போட்டு வெளியே எடுத்துத் தரும் ஆபீஸ். எந்தப் பொருள் வந்தாலும் அதற்கு எட்டு இலக்கத்தில் ஒரு நம்பர் உண்டு. எவ்வளவு வரி, என்ன அனுமதி என்பதெல்லாம் அந்த நம்பரை வைத்துத்தான். அந்த நம்பர் புத்தகத்தில் அளக்கிற கருவிகளும் மருத்துவக் கருவிகளும் தொண்ணூறாம் அத்தியாயத்தில் வரும். மேடத்துக்கு அந்த அத்தியாயம் மனப்பாடம். ஸ்ரீரங்கத்தில் டவுன் பஸ் ஏறினால் காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் பாதியையும், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அடுத்த பஸ் வருவதற்குள் மீதியையும் முணுமுணுத்து முடித்துவிடுவார். பக்கத்து சீட்டு அம்மாள் ஏதோ ஸ்தோத்திரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை, திருவானைக்கோவிலில் ஏறுகிற நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

மேடத்தின் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. போனை எடுத்தால் அவரே, "தொண்ணூறு பேசறேன், சொல்லுங்க" என்பார்.

ஒருநாள் ஜங்ஷனில் ஆட்டோ பிடித்தோம். ஏறுவதற்கு முன் மேடம் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "ஏங்க, உங்ககிட்ட தொண்ணூறு இருபத்தொம்போது இல்லையா?" என்று கேட்டார். வாடகை மீட்டருக்கான நம்பரின் முதல் நாலு இலக்கம் அது. டிரைவர் யோசித்துவிட்டு, "அந்த பஸ் இந்தப் பக்கம் வராதும்மா, நீங்க சத்திரம் போகணும்" என்றார்.

இன்னொரு நாள் ஆபீஸிலேயே அவருக்குத் தலைசுற்றல். பக்கத்து க்ளினிக்குக்கு அழைத்துப்போனேன். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்க ஆரம்பித்ததும் மேடம் கண்ணைத் திறந்தார்.

"டாக்டர், இது தொண்ணூறு பதினெட்டு."

"பி.பி.யா?" டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது.

"இல்லைங்க, இந்தக் கருவி. இது மருத்துவக் கருவி. ஆனா அந்த தெர்மாமீட்டர் இருக்கு பாருங்க, உங்க மேஜை மேலயே கெடந்தாலும் அது மருத்துவக் கருவில சேராது. அது தொண்ணூறு இருபத்தஞ்சு."

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "எவ்வளவு நேரமா இப்படிப் பேசறாங்க?" என்று கேட்டார்.

"இருபது வருஷமா, டாக்டர்" என்றேன்.

ஆனால் மேடத்தை நான் முழுசாகப் பார்த்தது காதர் பாய் விஷயத்தில்தான்.

பாலக்கரைக்காரரான காதர் பாய் வளைகுடாவில் பதினைந்து வருஷம் கார் எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். இப்போதைய கார்களில் பாதிக்குமேல் எலெக்ட்ரானிக்ஸ்தானே. அதைப் பழுது பார்க்கக் கற்றுத்தரும் பயிற்சி நிலையம் ஒன்றை ஆரம்பிக்க, இருந்ததையெல்லாம் அதில் போட்டுவிட்டார். சேர்ந்தவர்கள் இருபது பேர். வெளிநாட்டிலிருந்து இருபது ஆசிலாஸ்கோப் வரவழைத்திருந்தார். வயருக்குள் ஓடும் மின்சாரத்தைத் திரையில் அலை அலையாகக் காட்டுகிற கருவி. மெக்கானிக்குகள் 'ஸ்கோப்' என்பார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் திறப்பு விழா. அதற்கு முந்தின வாரத் திங்கட்கிழமை எங்கள் ஆபீஸுக்குச் சுங்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது.

இப்போதெல்லாம் பேப்பரைப் பார்க்கிற அதிகாரி வேறு ஏதோ ஊரில் இருப்பார். பெட்டியைத் திறக்கிற அதிகாரிதான் இங்கே இருப்பார். அந்த வேறு ஊர் அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டு, 'இது டேப்லெட் கம்ப்யூட்டர் போலிருக்கிறதே' என்று கேட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பார்க்க அப்படியேதான் இருந்தது: கையகலத்தைவிடப் பெரிய தொடுதிரை, கறுப்புச் சட்டம். ஆனால் டேப்லெட் என்று முடிவாகிவிட்டால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். அது காதர் பாயிடம் இல்லை. சரக்கு வந்த வழியே திரும்பிவிடும்.

"மேடம், வகுப்புக்குச் சேர்ந்தவங்க தினம் போன் பண்றாங்க. நான் என்ன சொல்றது?" என்றார் காதர் பாய்.

மேடத்தின் முகத்தில் கல்யாணக் களை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "உள்ள கம்ப்யூட்டர் இருக்கட்டும் பாய், இல்லாம போகட்டும். அது பார்க்கிற வேலை அளக்கிற வேலைன்னா அது தொண்ணூறுதான். பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கேட்போம்" என்றார். எழுதிக் கேட்டோம். புதன்கிழமை, திறந்து பார்க்க அனுமதி வந்தது.

கார்கோ கிடங்கில் எங்கள் முதலாளி, காதர் பாய், மேடம், நான் என்று நாலு பேரும் போய் நின்றோம். பரிசோதனை அதிகாரி பொறுமையான மனிதர். முதல் பெட்டியைத் திறந்து கருவியை எடுத்தார். மேடம் நேராக அவரிடம் போனார்.

"சார், இதுல உங்க வீட்டுக்கு ஒரு வீடியோ கால் போடுங்க."

அதிகாரி திரையைத் தட்டினார். ஒரு கோடு வந்தது.

"சரி, மெயில் பாருங்க. ஒரு சினிமாவாவது ஓட்டிக் காட்டுங்க."

அவர் கால்மணி நேரம் தட்டினார். திரையில் அதே கோடுதான் நீளமாகவும் குட்டையாகவும் மாறிக்கொண்டிருந்தது. பிறகு மேடம் கருவியை அதிகாரியின் கையிலேயே விட்டுவிட்டு, வாசலில் நின்ற வேனின் பானெட்டைத் தூக்கச் சொன்னார். கருவியின் வயரைக் காதர் பாய் பேட்டரியில் மாட்டினார். டிரைவர் சாவியைத் திருப்பினார். அதுவரை செத்த பாம்பாகக் கிடந்த கோடு விழுந்தது, எழுந்தது, குதிகுதியென்று குதித்தது. மூட்டை இறக்குகிறவர்கள், டிரைவர்கள், டீ கொண்டுவந்தவர் எல்லோரும் அதிகாரியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். "இன்னொரு தரம் ஸ்டார்ட் பண்ணுப்பா" என்று அதிகாரியே கேட்டு வாங்கிப் பார்த்தார். ஐந்து தரம் ஸ்டார்ட் பண்ணினோம்.

"போதும்மா, அறிக்கை எழுதிடறேன்" என்று அவர் பேனாவை எடுத்தார். காதர் பாய் அல்ஹம்துலில்லாஹ் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் மேடம் மீதிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டில் குழந்தையைத் தூக்குவதுபோல ஓர் ஆசை என்றுதான் நினைத்தேன். திடீரென்று நின்றார்.

"சார், ரெண்டு பெட்டி கனம் கம்மியா இருக்கு. எல்லாத்தையும் திறங்க."

முதலாளி மேடத்தின் காலை மிதிக்கப் பார்த்தார். மிதிபட்டது என் கால். வலி இன்றும் ஞாபகம் இருக்கிறது.

திறந்தார்கள். பதினெட்டில் ஸ்கோப். அந்த இரண்டிலும் வயரும் இல்லை, அளக்கிற முனையும் இல்லை. மேடம் ஒன்றை ஆன் செய்தார். படம் ஓடியது; பாட்டும் வந்தது. அசல் டேப்லெட். இரண்டு ஸ்கோப் இருப்பில் இல்லாததால், பாட வீடியோக்களை ஏற்றி இதை அன்போடு அனுப்பிவைத்ததாக விற்றவர் பிறகு போனில் சொன்னார்.

"சார், இந்த ரெண்டும் பேப்பர் பார்த்த ஆபீசர் சந்தேகப்பட்டதுதான். டேப்லெட். இது எங்க நம்பர்ல வராது. அப்படியே எழுதிடுங்க" என்றார் மேடம்.

காதர் பாய் மேடத்தின் முன்னால் வந்து நின்றார். "ஏம்மா, நீங்க யார் பக்கம்?"

"பொருள் பக்கம், பாய்."

அன்று திரும்பும்போது வண்டியில், இருபதும் போய்விடும் என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். மேடம் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து விரலால் காற்றில் அலை வரைந்துகொண்டு வந்தார். ஆனால் அவருடைய இன்னொரு கை, மடியிலிருந்த பையின் வாரைத் திருகித் திருகி நூலாக்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை பதில் வந்தது. பதினெட்டும் ஆசிலாஸ்கோப்தான், எடுத்துக்கொள்ளலாம். இரண்டு டேப்லெட்டுகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். அபராதத்தோடு விட்டார்கள். 'இறக்குமதியாளர் தரப்பே முன்வந்து காட்டியது' என்று அறிக்கையில் ஒரு வரி இருந்ததாம். அந்த வரியை முதலாளி மூன்று தரம் படித்துவிட்டு, மேடத்துக்கு அவரே போய்க் காபி வாங்கிவந்தார். இருபது வருஷத்தில் அது முதல் தடவை.

திறப்பு விழாவன்று காதர் பாய் தானே கார் ஓட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போய் மேடத்தை அழைத்துவந்தார். முதல் ஸ்கோப்பை நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும் என்றார். மேடம் ஆன் செய்துவிட்டு இரண்டு வார்த்தை பேச எழுந்தார். தொண்ணூறாம் அத்தியாயத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். பின்கட்டில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

போன வருஷம் மேடம் ஓய்வு பெற்றார். ஆனாலும் தினம் பதினோரு மணிக்குப் போன் வந்துவிடும். "இன்னிக்கு என்ன வந்துச்சு?" ஒன்றும் வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. போன வாரம் அப்படித்தான், மழை வருவதற்கு முன்னாலேயே மண் வாசனையை அளக்கிற மெஷின் வந்திருக்கிறது என்று அடித்துவிட்டேன்.



"அப்படி ஒண்ணு உலகத்துலயே கிடையாது சார்" என்றார் மேடம். "இருந்தா எங்க போகும்னு பார்த்துட்டு, சாயங்காலம் கூப்பிடறேன்."

அன்று சாயங்காலம் வரைக்கும் போனை நான் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை.