மூக்கண்டப்பள்ளியிலிருந்து புறப்பட்ட கப்பல்

ஓசூரிலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க ஆறேழு மணி நேரம் ஆகும். இதனால் ஊருக்கு இதுவரை எந்தக் குறையும் வந்ததில்லை. கம்பெனிகள் வந்தன, மேம்பாலங்கள் வந்தன, பெங்களூர்க்காரர்கள் வாடகைக்கு வீடு தேடி வந்தார்கள். கடல் மட்டும்தான் வரவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில், மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்த சௌந்தரராஜன், பாய்மரக் கப்பல் ஒன்றுக்குச் சொந்தக்காரர் ஆனார்.

அவர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். இருபத்திரண்டு வருஷமாக ஒரு பம்ப் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் வேலை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பொருளைத் தள்ளி வைத்துவிடுவார். கடலை வாழ்க்கையில் இரண்டு தடவை பார்த்திருந்தார். இரண்டு தடவையும் திருச்செந்தூரில், மொட்டை போட்ட தலையோடு.

கப்பல் கட்டும் எண்ணத்தை அவருக்குக் கொடுத்தது கம்பெனிதான். மனிதவளப் பிரிவுக்குப் புதிதாக வந்த ஹரீஷ்குமார் என்ற அதிகாரி, தொழிலாளர்களிடம் படைப்பூக்கம் குறைந்துவருவதைக் கண்டுபிடித்தார். கேன்டீனில் சாம்பார் நீர்த்துவருவதைத் தொழிலாளர்கள் அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் அதற்குப் பயிற்சி முகாம் கிடையாது. படைப்பூக்கத்துக்கு இருந்தது. ஒரு சனிக்கிழமை எல்லாரையும் ஹாலில் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பை பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளைக் கொடுத்து, உங்கள் எதிர்காலத்தைக் கட்டுங்கள் என்றார்கள். பெரும்பாலோர் வீடு கட்டினார்கள். சௌந்தரராஜன் ஒரு சின்னப் படகு கட்டினார். ஏன் படகு என்று கேட்டதற்கு, கூரைக்கு வேண்டிய சிவப்புக் கட்டைகளை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள் என்று உண்மையைச் சொன்னார். ஹரீஷ்குமார் அதைத் தலைமைப் பண்பு என்று குறித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் நாகரிகம் மாறி, கம்பெனிக்கு யோகா வந்தது. கட்டைகள் ஸ்கிராப் கிடங்குக்குப் போயின. சௌந்தரராஜன் அனுமதி வாங்கி நாலு மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

இரண்டு வருஷம் கட்டினார். நாலடி நீளம், மூன்று பாய்மரம். அவருடைய மனைவி ராஜலட்சுமி பழைய வேட்டியைக் கிழித்துப் பாய் தைத்துக் கொடுத்தாள். பூக்கட்டும் நூலில் கயிறுகள் திரித்தாள். பக்கத்து வீட்டு முனிவேல் தினமும் ஷிப்ட் முடிந்து வந்து, தரையில் சப்பணம் போட்டுக் கட்டைகளை நிறம் வாரியாகப் பிரித்துக் கொடுப்பார். முனிவேல் தேன்கனிக்கோட்டைக்காரர். இரண்டு வருஷம் தொடர்ந்து ராகியை யானைகள் தின்றபிறகு, நிலத்தை அவற்றிடமே விட்டுவிட்டு இரும்பு அடிக்கும் ஃபோர்ஜிங் பட்டறையில் சேர்ந்தவர். மேல்தளத்தில் நிற்கப் பதினெட்டு பொம்மை ஆட்களும் மூட்டைகளில் கிடைத்தார்கள். அவர்களை ஒவ்வொருவராகத் துடைத்து நிறுத்தியது முனிவேல்தான்.

"இத்த நாம மட்டும் பாத்துகினு இருக்கறது நியாயமில்லண்ணா. கிருஷ்ணகிரி கண்காட்சிக்குக் குடுத்துப் பாரு" என்றார் ஒருநாள்.

எல்லாத் தீமைகளையும் போல இதுவும் நல்ல எண்ணத்தில்தான் தொடங்கியது. சௌந்தரராஜன் மாம்பழக் காலத்தில் நடக்கும் அந்த மாவட்டக் கண்காட்சிக்கு விண்ணப்பம் போட்டார். 'பொருளின் பெயர்' என்ற கட்டத்தில் அவர் 'பொம்மை' என்று எழுதியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். இரண்டு வருஷ உழைப்பைப் பொம்மை என்று எழுதக் கை வரவில்லை. 'பாய்மரக் கப்பல்' என்று எழுதினார். பத்து நாளில் பதில் வந்தது: கப்பல் என்பதால் நீர்வழிக் கலங்கள் ஒழுங்குமுறைப் பிரிவின் தடையின்மைச் சான்று தேவை.

அப்படி ஒரு பிரிவு இருப்பது அவருக்குத் தெரியாது. பிரிவுக்கும் தான் இருப்பது பெரும்பாலும் மறந்துபோயிருந்தது. மாடியில் ஒரே அறை. அங்கே குருமூர்த்தி என்ற அலுவலர், கடல் இல்லாத மாவட்டத்தில் கலங்களை ஒன்பது வருஷமாக ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷமாக ஒரு கலமும் ஒழுங்கு மீறியதில்லை. சௌந்தரராஜனைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலி போட்டார். அவ்வளவு மரியாதையான ஆளை எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை என்று சௌந்தரராஜன் வீட்டில் வந்து சொன்னார்.

இது பிளாஸ்டிக் கட்டையில் செய்தது, தண்ணீரில் விடுவதற்கல்ல என்று அவர் அங்கே விளக்கியிருந்தார். குருமூர்த்தி புன்னகையோடு விதியைப் படித்துக் காட்டினார். கலம் எனப்படுவது நீரில் செல்லக்கூடிய, அல்லது செல்லக்கூடியதாகத் தோன்றும், எதுவும் ஆகும். பிறகு விண்ணப்பத்தோடு இருந்த கப்பலின் படத்தைப் பார்த்தார். அவருக்குத் தோன்றியது.

அதன்பின் காரியங்கள் முறைப்படி நடந்தன. பதினெட்டு பேர் ஏறும் கலத்தில் பதினெட்டு உயிர்காப்புச் சட்டைகள் வேண்டும் என்று முதல் கடிதம் வந்தது. சௌந்தரராஜன் ஆரஞ்சு நிறக் கட்டைகளைத் தேடிப்பிடித்து, மூன்று வாரம் உட்கார்ந்து, பதினெட்டு பொம்மைகளுக்கும் சட்டை செய்து மாட்டினார். அடுத்த கடிதம், மாலுமிகளின் பெயரும் ஆதார் எண்ணும் கேட்டது. பொம்மைகளுக்குப் பெயர் இல்லை என்று நேரில் போய்ச் சொன்னார். பெயரில்லாத மாலுமிகளை அனுமதித்தால் நாட்டின் பாதுகாப்பு என்னாவது என்று குருமூர்த்தி கவலையோடு கேட்டார். சௌந்தரராஜனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

லைன் வீட்டின் பத்துக் குடும்பங்களிலும் சேர்த்துப் பெரியவர்கள் சரியாகப் பதினெட்டு பேர் இருந்தார்கள். விஷயத்தைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஆதார் எண்ணைக் கொடுத்தார்கள். சிம் கார்டு வாங்கவும், கோயில் தரிசனத்துக்கும், மிக்ஸிக் குலுக்கலுக்கும் கொடுத்துப் பழகிய எண். எதற்கென்று கேட்கும் வழக்கம் அவர்களுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. சௌந்தரராஜன் கப்பல் தலைவர், ராஜலட்சுமி சமையல், முனிவேல் நங்கூரம் என்று பட்டியல் தயாரானது.

இதற்குள் கண்காட்சி முடிந்து, மாம்பழக் காலமும் முடிந்துவிட்டது. ஆனால் மாம்பழம்தான் அழுகும், கோப்பு அழுகாது. மிதவைச் சோதனைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. கப்பல் மிதக்காது, கட்டைகளின் இடுக்கில் தண்ணீர் ஏறிவிடும் என்று சௌந்தரராஜன் எழுதிக் கொடுத்தார். மிதக்காது என்பதைச் சோதனைக்கு முன் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை என்று பதில் வந்தது. போகவேண்டாம் என்றாள் ராஜலட்சுமி. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்றார் அவர். அலுவலகங்களுக்கு அலைந்த எவரும் ஒரு கட்டத்தில் சொல்லும் வார்த்தைதான் அது.

ஊருக்கு வெளியே பள்ளத்தேரியில் ஒரு புதன்கிழமை காலை பத்தரைக்குக் கப்பல் தண்ணீரில் இறங்கியது. குருமூர்த்தி கையில் படிவத்தோடு கரையில் நின்றார். ஒரு நிமிஷம் அது உண்மையிலேயே மிதந்தது. வேட்டித்துணிப் பாய்கள் காற்றில் உப்பின. அப்புறம் முன்பக்கம் மெல்லச் சாய்ந்து, பதினெட்டு பேரோடும் உயிர்காப்புச் சட்டைகளோடும் கப்பல் உள்ளே போய்விட்டது.

முனிவேல் மட்டும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். இடுப்பளவு சேற்றில் நின்று, காலால் துழாவித் துழாவி, உடைந்த துண்டுகளை மதியம்வரை எடுத்து எடுத்துக் கரையில் வைத்தார். சௌந்தரராஜன் அவற்றைத் துண்டால் துடைத்து மூட்டை கட்டினார். பிணத்துக்குச் செய்வதுபோலத்தான் இருந்தது.

குருமூர்த்திக்கு வேறு சங்கடம். மூழ்கியது என்று எழுதினால், மீட்புப் படகும் ஆம்புலன்சும் இல்லாமல் பதினெட்டு பேரை ஏன் தண்ணீரில் விட்டாய் என்று கேள்வி வரும். நல்லவேளையாகப் படிவத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன: 'கரையில் உள்ளது', 'புறப்பட்டது'. கப்பல் கரையில் இல்லை. ஆகவே அவர் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் 'புறப்பட்டது' என்பதில் டிக் அடித்தார். பிரிவு தொடங்கிய நாளிலிருந்து முதல் புறப்பாடு அதுதான். மேலிடத்திலிருந்து அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

இரண்டு மாதம் கழித்து லைன் வீட்டுக்காரர்கள் ரேஷன் கடைக்குப் போனபோது, மெஷின் ஒருவர் விரலையும் ஏற்கவில்லை. 'பயணத்தில் உள்ளார்' என்று காட்டியது. கேஸ் சிலிண்டர் புக் ஆகவில்லை. ஒரு பெண்ணின் பிரசவ உதவி நின்றது. பத்துக் குடும்பங்களும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு குருமூர்த்தியிடம் போய் நின்றார்கள். அவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரித்தார். எதிரில் நிற்பது அவர்கள்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கப்பல் திரும்பாமல் ஆட்களைத் திரும்பியதாகக் காட்ட முடியாது என்றார்.

வேறு வழி தெரியவில்லை. பதினெட்டு பேரும் உட்கார்ந்து, ஏரியிலிருந்து மீட்ட கட்டைகளை வைத்துக் கப்பலை மறுபடி கட்டினார்கள். சௌந்தரராஜன் இரண்டு வருஷத்தில் கட்டியதைப் பதினோரு நாளில் முடித்தார்கள். அளவுகளில் மில்லிமீட்டர் கணக்கில் அல்ல, அங்குலக் கணக்கில் பிசகிற்று. அவர் பார்த்தும் பாராமல் இருந்தார். மினி லாரியில் ஏற்றிப் பள்ளத்தேரிக் கரைக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். குருமூர்த்தி மாலையோடு காத்திருந்தார். 'வந்து சேர்ந்தது' என்று எழுதிவிட்டு ஆட்களை எண்ணினார். பதினேழு. ஒரு பொம்மை ஏரிச் சேற்றில் தங்கிவிட்டிருந்தது.

வேறொரு பொம்மையை வாங்கி வைப்பதாக சௌந்தரராஜன் சொன்னார். புறப்படாத ஆளை வழியில் ஏற்றினால் அது ஆள்கடத்தல் என்றார் குருமூர்த்தி. காணாமல் போனவர் யார் என்பதைத் தான் முடிவு செய்வது அதிகார மீறலாகும். மக்களே கூடிப் பேசி ஒரு பெயரை எழுத்தில் கொடுத்தால் மற்ற பதினேழு பேரும் அன்றைக்கே கரையேறலாம். பெயர் வராதவரை எல்லாரும் கடலில்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் கூட்டம் போட்டார்கள். முதல் அரைமணி நேரம் எல்லா அலுவலகங்களையும் திட்டினார்கள். பிறகு, இப்படி ஆளாளுக்குப் பேசினால் ஆகாது, ஒரு முறை வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். சௌந்தரராஜனைத் தலைவராக உட்காரவைத்தார்கள். அவர் ஒரு நோட்டில் கோடு போட்டு, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, பதிவேடு தொடங்கினார். கப்பல் தலைவர்தானே பொறுப்பு, அவர் பெயரையே எழுதிவிடலாமே என்று ஒரு குரல் கேட்டது. தலைவர் இல்லாத கப்பல் வந்து சேர்ந்ததே செல்லாது என்று அவர் விதியை எடுத்துச் சொன்னார். விதிகள் இதற்குள் அவருக்கு மனப்பாடம். கர்ப்பிணியை எழுத முடியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியவர்களையும் முடியாது. இப்படி ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தார்கள்.

முனிவேல் அன்றைக்கு ஓவர்டைம் போயிருந்தார். காணாமல் போனவருக்கு முதல் தகுதி இங்கே இல்லாதிருப்பதுதான் என்று மூன்றாம் வீட்டுக்காரர் சுட்டிக்காட்டினார். அதோடு, தண்ணீரில் இறங்கியதும் அவர் ஒருவர்தான். கேட்கக் கேட்க எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது.

"அவரு நமக்காகத்தானேங்க இறங்குனாரு" என்றாள் ராஜலட்சுமி.

"அதையும் பதிவேட்டுல எழுதிடுறேன்" என்றார் சௌந்தரராஜன். எழுதினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ராஜலட்சுமியும் கடைசியில் கையெழுத்துப் போட்டாள். சமையல் சிலிண்டர் காலியாகிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

மறுநாளே பதினேழு பேர் கரையேறினார்கள். முனிவேலுக்கு விஷயம் ரேஷன் கடை வரிசையில்தான் தெரிந்தது. சாயங்காலம் சௌந்தரராஜன் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருப்பாரோ என்று ராஜலட்சுமி உள்ளேயே இருந்துகொண்டாள். அவர் வழக்கம்போலத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஆனது ஆச்சு, உடுண்ணா. ஆளு இங்கதானே கீறேன். ஒரு மனு எழுதிக் குடு, கையெழுத்துப் போட்டு நானே நேர்ல குடுத்துடறேன்."

சௌந்தரராஜனுக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. பேனாவை எடுத்தார். அவர் எழுதியதிலேயே சிறந்த மனு அதுதான். நாலு பக்கம், விதி எண்கள், தேதிகள், பார்வை ஒன்று, பார்வை இரண்டு, எதுவும் பிசகவில்லை. கண்ணில் நீர் வரும்படியாக இருந்தது. அவர் படித்துக் காட்டியதை முனிவேல் கேட்டு முடித்து, கையெழுத்துக்குக் கையை நீட்டினார். சௌந்தரராஜன் தாளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீங்க போடக் கூடாது, முனிவேலு. காணாமப் போனவரு மனு குடுக்க விதியில இடமில்ல. ஊர்லருந்து சொந்தக்காரங்க யாரையாச்சும் வரச் சொல்லுங்க."

முனிவேல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

சௌந்தரராஜன் பதிவேட்டைத் திறந்து, அன்றைய தேதியைப் போட்டு, எதிரே எழுதினார்: 'மனுதாரர் நேரில் வரவில்லை.'