ஆறாவது கம்பியும் மன்னார்குடி வோல்டேஜும்

இரண்டு வழி இருந்தால் தப்பான வழியைத்தான் எடுப்பேன் என்பது என் சுபாவம். ஆனால் எடுப்பதற்கு முன் நெடுநேரம் யோசிப்பேன். யோசிக்காமலே தப்புச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். (அவர்களுக்கு நேரமாவது மிச்சம்.)

ஊரில் கேபிள் டிவி வந்த புதிது. மன்னார்குடியில் செல்வம் அண்ணனின் மெல்லிசைக் குழுவில் நான் கிடார் வாசித்துக்கொண்டிருந்தேன். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்த நண்பன் யூசுப், லீவில் வந்தபோது ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்தான். சொந்த நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார முதலாளி அவன் தலையில் கட்டிய பெடல் ஸ்டீல் கிடார் அது. நாலு கால், மேலே பத்துக் கம்பி, கீழே மிதிகள். கம்பியை மீட்டிவிட்டு மிதியை அழுத்தினால் சுரம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பழகினேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஜாக்கெட் தைப்பீங்களா?" என்றார்.

அப்போது ஒரு கல்யாண ரிசப்ஷன் வந்தது. மணப்பெண்ணின் தாய்மாமன் சிங்கப்பூரில் மேடை நிகழ்ச்சிகள் நடத்துகிறவர். கச்சேரியைக் கேட்டுவிட்டு, பிடித்தவர்களை அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். என்னிடம் பாஸ்போர்ட் தயாராக இருந்தது. போவதற்கு இடம்தான் இல்லாமல் இருந்தது.

அன்று மத்தியானம் ஆறாவது கம்பி அறுந்தது.

பெட்டிக்குள் அதற்கு இரண்டு மாற்றுக் கம்பிகள் இருந்தன. ஒன்று வெறும் கம்பி, மொழுமொழுவென்று. இன்னொன்று மேலே மெல்லிய கம்பி சுற்றியது. இரண்டும் ஒரே பருமன். எதைப் போடுவது?

"மாப்ள, உன் பாஸ் எதைப் போடுவாரு?" என்று யூசுப்பைக் கேட்டேன்.

"அவரு வாசிக்கறப்ப நான் மாடியில ஏசிக்கு கேஸ் அடிச்சிக்கிட்டு இருந்தேன்டா. என்னைக் கேட்டா?"

தஞ்சாவூர்க் கடைக்காரருக்கு போன் போட்டேன். வீணைக் கம்பி விற்கிறவர். "கனத்த சுரத்துக்குச் சுத்துக் கம்பி, மெல்லிய சுரத்துக்கு வெறும் கம்பி. இது எத்தனையாவது?" என்றார். பத்தில் ஆறாவது என்றேன். "நடுவுல வருதே தம்பி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆகவே சுயமாகச் சிந்தித்தேன். அறுந்தது சுத்துக் கம்பி. ஆக, சுத்துக் கம்பி என்றால் அறுந்துவிடும். வெறும் கம்பியோ, மேடை விளக்கில் பளபளக்கும். சிங்கப்பூர்க்காரர் கண்ணிலும் படும். வெறும் கம்பியையே மாட்டினேன். சுருதி கனகச்சிதமாகச் சேர்ந்தது. (மிதியை அழுத்திப் பார்த்திருக்கலாம். பேன்ட் கசங்கிவிடுமென்று விட்டுவிட்டேன்.)

முதல் பாட்டில் மிதியை அழுத்தினேன். நீடாமங்கலத்தில் இறங்க வேண்டிய சுரம், பஸ்ஸில் தூங்கிப்போய் அதைத் தாண்டிக் கும்பகோணத்தில் இறங்கியது. பாடிக்கொண்டிருந்த செல்வம் அண்ணன் திரும்பி முறைத்தார்.

"என்னடா ஆச்சு?"

எனக்கே தெரியவில்லை. "வோல்டேஜுண்ணே" என்றேன்.

எங்கள் பக்கம் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வயலில் மோட்டார் ஓடினால் வீட்டில் டேப்ரிகார்டர் அழும் ஊர். மண்டப மேனேஜர் சீரியல் செட் விளக்குகளை அணைத்தார். மறுபடி மிதித்தேன், மறுபடி கும்பகோணம். பெண்கள் பக்கம் ஃபேன்களை நிறுத்தினார். இன்னும் சரியாகவில்லை. சமையல்கட்டுக்கு ஓடிப்போய்க் கிரைண்டரை நிறுத்தினார். சட்னி பாதியில் நின்றது. முதல் பந்தியும் நின்றது. கோட்டு போட்ட மாப்பிள்ளை வியர்வையில் கரைந்துகொண்டிருந்தார். கடைசியில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். அந்த இரைச்சலிலும் என் ஆறாவது கம்பி தனியாகத் தெரிந்தது.

முன்வரிசையில் இருந்த தாய்மாமன் எழுந்து மேடையருகே வந்தார்.

"தம்பி, நீங்க மிதிக்கறப்ப மட்டும்தான் வோல்டேஜ் ஏறுது. கொஞ்சம் காலை எடுங்களேன்."

எடுத்தேன். ஃபேன் ஓடியது, கிரைண்டர் ஓடியது, பாட்டும் ஒழுங்காக ஓடியது. போகும்போது அவர் என் தோளைத் தட்டினார். "சிங்கப்பூர்ல கரண்டு சுத்தமா இருக்கும் தம்பி. அங்க வந்து எதைச் சொல்லுவீங்க?"

விஷயம் பிறகுதான் புரிந்தது. ஒரே பருமன்தான் என்றாலும் வெறும் கம்பி விறைப்பானது. மிதி இழுக்கிற அதே இழுப்புக்கு அதிகமாக ஏறிவிடும். அந்த இழுப்பைக் குறைக்க, பக்கவாட்டில் ஒரு சிறு திருகைத் தளர்த்தியிருந்தால் போதும். அதற்கான குச்சியும் பெட்டியிலேயே இருந்தது. அது காது குடைய என்று யூசுப் சொல்லியிருந்தான், இருவரும் குடைந்துகொண்டிருந்தோம்.

செல்வம் அண்ணன் குழு சிங்கப்பூர் போய்வந்தது. நான் மன்னார்குடியிலேயே ஸ்டெபிலைசர் கடை வைத்தேன். அன்று ஃபேன் நின்ற பக்கத்தில் புழுங்கிப்போய் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்திதான் பின்னாளில் எனக்கு மனைவியாக வாய்த்தாள். ஆகவே வீட்டில் எதற்கும் சாக்குச் சொல்ல முடியாது. பால் பொங்கி வழிந்தது அடுப்பின் கோளாறு என்றால், "முதல்ல காலை எடுங்க" என்பாள்.

இப்போது சிங்கப்பூரில் வேலை பார்ப்பது மகள். போன வாரம் வீடியோ காலில் அவள் பிறந்தநாளைத் தேதி மாற்றி வாழ்த்திவிட்டேன். நெட்வொர்க் சரியில்லைம்மா என்று ஆரம்பித்தேன்.

"இங்க நல்லாத்தான் இருக்கு. அப்பா, காலை எடுங்க" என்றாள்.