ஊருக்காகக் குத்திக்கொண்டவர்

மேன்மை பொருந்திய சர்க்கார், தன் குடிகளில் ஒருவரும் பிளேக்கினால் சாகக் கூடாது என்று தீர்மானித்த வருஷம் அது. தீர்மானம் கோவிந்தாபுரத்துக்கு மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு பெட்டி ஊசிமருந்தும், கல்பாத்தியிலிருந்து சிவராமகிருஷ்ணன் என்ற டாக்டரும்.

ஊர் நன்றாகவே வரவேற்றது. இளநீர் வெட்டிக் கொடுத்தது. தோளை மட்டும் நீட்டவில்லை.

மருந்து கண்டுபிடித்தே ஒரு வருஷம்தான் ஆகிறது என்பது எப்படியோ எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வடுமாங்காய் ஊறவே ஒரு கோடை வேண்டியிருக்க, உசிர் காக்கிற மருந்து இத்தனை சுருக்காய் எப்படிப் பக்குவமாகும் என்று கேட்டார்கள். டாக்டரிடம் அதற்கு ஆதாரபூர்வமான பதில் இருந்தது. அது இங்கிலீஷில் இருந்தது.

ஆகவே யாராவது ஒருவர் முதலில் குத்திக்கொண்டு, உயிரோடு இருந்து காட்டுவதென்று முடிவாயிற்று. கிராம அதிகாரிக்கு அன்றைக்கென்று வயிறு சரியில்லை. கணக்கெழுதும் மேனோனுக்கு விரதம். மிஞ்சியவர் பெரியமுத்து, அதிகாரியின் உத்தரவுகளை வீடு வீடாய்ச் சொல்லித் திரியும் கோல்காரர். சம்பளம் வாங்குகிற தோள் சர்க்காருக்குச் சொந்தம் என்பது அவருக்கு அன்போடு விளக்கப்பட்டது.

குத்தினார்கள். காய்ச்சல் வந்தது, போனது. எழுந்து உட்கார்ந்து பழையசோறு கேட்டார். பாரம் இறங்கினாற்போலிருந்தது அவருக்கு. இனி ஊராச்சு, ஊசியாச்சு.

ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் அர்த்தநாரி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஏனுங்க டாக்டரய்யா, வருசா வருசம் மாரியாத்தாளுக்கு ஊருக்காகப் பூவோடு எடுக்கறது நம்ம பெரியமுத்துதானுங்க. தீச்சட்டி சுடறது அவரு கையை, அம்மை வாராம இருக்கறது ஊருக்கு. ஊசியும் அந்த மாதிரித்தானுங்களே? பழகின ஒடம்பு. எங்க பங்கையும் அவருக்கே குத்திப்போடுங்க."

டாக்டர் சிரிக்கப் போவார் என்று பெரியமுத்து காத்திருந்தார். டாக்டர் சிரிக்கவில்லை. எத்தனை ஊசி போட்டாயிற்று என்றுதான் மேலிடம் கேட்டிருந்தது, எத்தனை பேருக்கு என்று கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது மேலிடத்தை அவமதிப்பதாகும்.

பெரியமுத்துவின் சம்சாரம் கமலாத்தாள் குறுக்கே வந்து நின்றாள். "ஊசி ஊருக்கு, தோளு மட்டும் எங்கூட்டுதுங்களா? அவருக்கு ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாதும்மா. பரம சாதுவான மருந்து."

"அத்தனை சாதுன்னா ஆளுக்கொண்ணு குத்திக்கலாமுங்களே."

பொம்பளைகளுக்கு இந்த நுட்பமெல்லாம் விளங்காது என்று ஊர் அவளை ஓரமாய் உட்காரவைத்தது.

வீட்டுக்கு ஒன்று என்றால் கோல்காரர் தாங்கமாட்டாராதலால், கருணை கூர்ந்து தெருவுக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. ஒவ்வொரு தெருவும் மாலையோடு வந்து, தன் பெயரைச் சொல்லிக் குத்தச் சொன்னது. வலது தோள் தங்களுக்கே என்று மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் கைகலப்பே ஆகப் பார்த்தது. யாருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை, பெரியமுத்து ஒருவரைத் தவிர.

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுதும் காப்பாற்றப்பட்டு, நிம்மதியாகச் சாப்பிடப் போனது. மாலைகளைக் கழற்றக் கை தூக்க முடியாமல், பெரியமுத்து மெல்ல எழுந்தார்.

"சித்த உக்காரு, பெரியமுத்து," என்றார் டாக்டர். சுற்றுமுற்றும் பார்த்தார். ஊசியைத் துடைத்து மறுபடியும் நிரப்பினார். குரல் தணிந்தது.

"இது எங்காத்துக்கு. ஆத்துக்காரி, கொழந்தைகள், என்னையும் சேர்த்து."