பூசணிக்காயிடம் தோற்ற ஜெர்மன் வாள்

பிள்ளைகளே, நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் வாள் வீசியிருக்கிறேன். எதிரில் இருந்தது ஒரு பூசணிக்காய். ஜெயித்தது பூசணிக்காய். உங்கள் அம்மா இந்தக் கதையை எப்போதும் பாதியிலிருந்துதான் சொல்வாள் (அதுவும் என் மானம் போகிற பாதி). அதனால் முழுக்கதையையும் நானே எழுதிவிடுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பொறுத்துப் படியுங்கள்.

ஐம்பதுகளின் நடுவில் திருவள்ளூரில் ஒரு அரிசி மில்லில் இன்ஜினுக்கு எண்ணெய் போடுவது என் வேலை. இன்ஜின் டிரைவர் வேலையை விட்டுப் போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. எங்கள் மில்லில் ஒரு வழக்கம். ஆயுத பூஜை அன்று இன்ஜினுக்குத் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் வெட்டுகிறவன்தான் அந்த வருஷம் முழுவதும் இன்ஜினுக்குப் பொறுப்பு. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இந்த வாட்டி நீ வெட்டுடா" என்றார்.

அப்போது கடம்பத்தூரில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா நெல் விவசாயி. "இன்ஜின் வேலை கெடைக்கட்டும், பொண்ணத் தரேன்" என்று ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார். பூஜைக்கு அவரே வந்து பார்ப்பதாகவும் சொல்லி அனுப்பினார். ஆகவே என் வேலை, என் கல்யாணம் இரண்டும் ஒரு பூசணிக்காய்க்குள் இருந்தன.

மில்லில் இருந்த அரிவாளை எடுத்து வெட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வருங்கால மாமனார் முன்னால் கொஞ்சம் தோரணை வேண்டாமா? கடம்பத்தூரிலேயே சற்குணம் அண்ணன் என்று ஒருவர் இருந்தார். பட்டாளத்தில் லாரி ஓட்டி, இத்தாலி வரை போய் வந்தவர். சண்டை முடிந்தபோது சரணடைந்த ஜெர்மன் அதிகாரி ஒருவனுடைய வாளைக் கொண்டுவந்து, கம்பளியில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தார்.

அதைப் பார்த்ததும் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. கைப்பிடியின் நுனியில் தங்க நிறத்தில் சிங்க முகம். சிங்கத்துக்குச் சிவப்புக் கண்ணாடிக் கண்கள். கைப்பிடி நெடுக ஏதோ ஒரு மரத்தின் இலைகள் (அத்தியும் இல்லை, முருங்கையும் இல்லை, எந்த மரமென்று எனக்கு இன்றுவரை தெரியாது). வெள்ளிச் சரிகையில் ஒரு குஞ்சம். கறுப்பு உறையை விட்டு உருவினால், முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு பளபளப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, இறக்கை விரித்த ஒரு கழுகு, காலில் ஸ்வஸ்திக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கருடாழ்வார்! காலில் மங்கலச் சின்னம்! பெருமாள் கோயில் இருக்கிற ஊருக்கு ஜெர்மனியிலிருந்து கருடனே தேடி வந்திருக்கிறாரே! (ஸ்வஸ்திக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. செய்தவன் கை கோணல் என்று நினைத்துக்கொண்டேன்.)

"அண்ணே, மில்லுல எல்லாருக்கும் காட்டிட்டு உடனே கொண்டாந்து குடுத்துடறேன்" என்றேன். வெட்டப் போவதைச் சொல்லவில்லை.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காட்டு. ஆனா அத்த வெச்சிக்கினு வேற எதுவும் பண்ணாத, இன்னா?"

"சரிண்ணே."

வெட்டிப் பார்த்து ஒத்திகை செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பூஜைக்கு வைக்கிற ஆயுதத்தைப் பூஜை முடியும்முன் உபயோகிக்கலாமா? பக்தியோடு அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, இன்ஜின் முன்னால் சார்த்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மாமனார் சரிகைக்கரை வேட்டியில் வந்திருந்தார். முதலாளி வாளைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, கூத்துல வர ராஜா கத்தியா?" என்றார்.

"ஜெர்மன் கத்தி மொதலாளி. கருடன் போட்டது."

அதைக் கேட்டு அவரே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தீபாராதனை முடிந்தது. பூசணிக்காயை வாசலில் வைத்து, மேலே கற்பூரம் ஏற்றினார்கள். நான் வாளை உருவினேன். வெயிலில் அது மின்னியதும் எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள். இரண்டு கையாலும் ஓங்கி ஒரே போடு.

'டங்' என்றது. பூசணிக்காய் அப்படியே இருந்தது. எனக்குத்தான் தோள்வரை விண்ணென்று தெறித்தது. இரண்டாவது போட்டேன். அதன் தோல்மேல் பூத்திருந்த வெள்ளைச் சாம்பல் கொஞ்சம் உதிர்ந்தது. கூட்டத்தில் ஒருவன், "அத்துக்கு ஷேவிங் பண்றியா?" என்றான். மூன்றாவது போட்டில் பூசணிக்காய் உருண்டு, குங்குமத் தட்டைக் கவிழ்த்து, எரிகிற கற்பூரத்தோடு நேராக மாமனாரை நோக்கிப் போனது. அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தார். கரையில் ஒரு ஓட்டை விழுந்துவிட்டது. வாள் முனை பிறை மாதிரி வளைந்திருந்தது. சிங்கத்துக்கு ஒரு கண் காணோம்.

சிவப்புக் கண் விழுந்தது சிவப்புக் குங்குமத்தில். மில்லே மண்டிபோட்டுத் தேடியது. கடைசியில் அது மாமனாரின் உள்ளங்காலில் ஒட்டியிருந்தது. அவர் அதை எடுத்து என் கையில் வைத்தார். மில் அரிவாளை எடுத்தார். ஒரே வெட்டு. பூசணிக்காய் இரண்டானது.

முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. "இன்ஜின் வேலைய அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார்.

மாமனார் ஊருக்குப் போகிற அதே ரயிலில்தான் நானும் வளைந்த வாளோடு போனேன். (அது உறைக்குள் போக மாட்டேன் என்றது. பெட்டியில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.) கடம்பத்தூரில் இறங்கியதும் அவரும் சற்குணம் அண்ணன் வீடுவரை கூடவே வந்தார். ஏனென்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

"அண்ணே, உங்ககிட்ட பொய் சொல்லித்தான் வாங்கிக்கினு போனேன். பூசணிக்கா வெட்டினேன். வளைஞ்சிடுச்சி. கண்ணு இந்தா இருக்குது" என்று எல்லாவற்றையும் அவர் முன்னால் வைத்தேன்.

சற்குணம் அண்ணன் வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்துக்குப் பதமே கெடையாதுடா. பரேடு, கல்யாணம்னா யூனிபாரத்து மேல தொங்கவுட்டுக்கினு நிப்பானுங்கோ. சண்டைக்குத் துப்பாக்கி. இது சும்மா ஷோக்குக்கு."

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "கிறிஸ்மஸுக்குக் கோழி வெட்டலாம்னு போனேன். ரெண்டு போடு போட்டேன். அது என்னத் திரும்பிப் பாத்துட்டு மேயப் போயிடுச்சி." பிறகு சந்தனப் பொட்டைப் பார்த்தார். "இது இன்னாடா?"

"கருடனுக்கு வெச்சோம்."

"கருடனா! இத்தக் குத்திக்கினு வந்தவனுங்கதாண்டா எங்க லாரி மேல குண்டு போட்டானுங்கோ! அவனுக்கா தீபாராதனை காட்டின?"

அந்தச் சின்னத்தின் கீழ் எத்தனை லட்சம் பேரைக் கொன்றார்கள் என்பதை நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு அழுகை மட்டும்தான் வந்தது. வேலை போயிற்று, வாள் போயிற்று, பெண்ணும் போயிற்று என்று நின்றேன்.

அப்போதுதான் மாமனார் வாயைத் திறந்தார். "சற்குணம், இந்தப் பையன நான் பாத்துட்டேன். இவன் கையில வாளக் குடுத்தாலும் ஒரு பூசணிக்காய்க்கு ஆபத்தில்ல. எம் பொண்ணுக்கு இன்னா ஆபத்து வந்துடப் போவுது? தை மாசம் வெச்சிக்கலாம்."

அப்படித்தான் உங்கள் அம்மா இந்த வீட்டுக்கு வந்தாள். அடுத்த வருஷம் அரிவாளால் வெட்டி, இன்ஜின் வேலையும் வாங்கிவிட்டேன். ஆனால் அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? இன்றைக்கும் நான் கோபத்தில் குரலை உயர்த்தினால், உங்கள் அம்மா அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "பயப்படாதீங்கடா, பூசணிக்காய்க்கே ஆபத்தில்ல" என்கிறாள். அப்போது நீங்கள் கதவுக்குப் பின்னால் சிரிப்பது எனக்கு நன்றாகக் கேட்கிறது.